அம்பலவாணன் சாருக்கு நான் போட்ட மாலை

ஜூன் 3, திங்கள்

யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு. சொல்லாம இருந்தா எனக்கு காய்ச்சல் வந்துரும். அதான் கடையில சும்மா கெடந்த போன வருஷத்து டைரிய எடுத்து எழுதுறேன். கிழமைய மட்டும் அடிச்சு அடிச்சு மாத்திக்கணும்.

விஷயம் இதான். அம்பலவாணன் சாருக்கு ஒரு படத்துல முழுநீள அப்பா கேரக்டர் கெடச்சிருக்கு. ஒரு சீன் இல்ல, ரெண்டு சீன் இல்ல. முப்பத்தெட்டு நாள் கால்ஷீட். கதையே அந்த அப்பா மேலதானாம்.

பேரு சொன்னா யாருக்கும் தெரியாது. மூஞ்சியக் காட்டுனா "அட, இவரா"ம்பாங்க. ஆபரேஷன் தியேட்டர் கதவத் தெறந்துட்டு வந்து கண்ணாடியக் கழட்டுற டாக்டர். எல்லாம் முடிஞ்சப்புறம் ஜீப்புல வந்து எறங்குற இன்ஸ்பெக்டர். கல்யாண மண்டபத்துல தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற பொண்ணோட அப்பா. முப்பத்தொரு வருஷமா இதான். சினிமா தொண்ணூத்தி நாலு, சீரியல் இருபத்தி மூணு. இந்தக் கணக்கு அவருகிட்டயே கெடையாது, என்கிட்டதான் இருக்கு.

அவருக்கு ஃபேன் பேஜ் நடத்துறது உலகத்துலயே நான் ஒருத்திதான். ஆயிரத்து நூத்தி நாப்பத்தி மூணு ஃபாலோயர்ஸ். போன வருஷம் அவரே மெசேஜ் போட்டாரு, "தம்பி, நான் மறந்து போன படத்தையெல்லாம் தேடிப் போடுறீங்க, நன்றி"ன்னு. நான் தம்பி இல்லன்னு சொல்ல நெனச்சேன், கை வரல. அப்படியே தம்பியாவே இருந்துட்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

ஜெராக்ஸ் மெஷின்ல மூணு தடவ பேப்பர் சிக்குச்சு. கடை ஓனர் நாகு அக்கா என்னையே பாத்துட்டு, "என்னடி சும்மா சும்மா சிரிக்கிற, லவ்வா?"ன்னாங்க. அம்பத்தெட்டு வயசு ஆளுக்கு சான்ஸ் கெடச்சதுக்கு சிரிக்கிறேன்னு எப்படிச் சொல்றது.

ஜூன் 9, ஞாயிறு

இன்னைக்கு சார் நீளமா எழுதியிருந்தாரு. நாலு ஸ்கிரீன்ஷாட்ல கூட அடங்கல.

மயிலாடுதுறையில மெடிக்கல் ஷாப்ல வேல பாத்தாராம். சாயங்காலம் நாடகம். தொண்ணூத்தி மூணுல மெட்ராஸ் வந்தாரு. "முதல் படத்துல என் முதுகுதான் நடிச்சுது தம்பி. ரெண்டாவது படத்துல வலது கை"ன்னு எழுதியிருந்தாரு. அந்த வலது கைய நான் கண்டுபிடிச்சுட்டேன். லெட்டர் குடுக்குற கை. பேஜுல போட்டேன், ஏழு லைக்.

அவருகிட்ட ஒரு பை இருக்காம். அதுல டாக்டர் கோட்டு, ஸ்டெதாஸ்கோப், போலீஸ் ஷூ, ரெண்டு வெள்ளை வேட்டி, ஒரு கருப்பு வக்கீல் கவுன். ஷூட்டிங்குக்கு கூப்பிடுறவங்க என்ன கேரக்டர்னு சொல்லவே மாட்டாங்களாம். போனப்புறம்தான் தெரியும். அவரே பைய தெறந்து எடுத்து மாட்டிக்கணும்.

"இந்தப் படத்துக்கு டெய்லர் வீட்டுக்கே வந்து அளவெடுத்தாரு தம்பி. முப்பத்தொரு வருஷத்துல என் தோள்ல டேப்ப வச்சது இதான் மொத தடவ. என் வீட்டம்மா அந்தாளுக்கு ரெண்டு தடவ காபி குடுத்துட்டா."

இதுக்காக நடிச்சுக்கிட்டு இருந்த சீரியலையும் விட்டுட்டாராம். தேதி இடிக்குதுன்னு.

அம்மா ரெண்டு தடவ சாப்பிடக் கூப்பிட்டுச்சு. மூணாவது தடவ கூப்பிடல.

ஜூன் 20, வியாழன்

எழுத முடியல. இருந்தாலும் எழுதிடுறேன்.

காலையில பதினோரு மணி. சீரியல் செட்டுல ஆர்ட் டிபார்ட்மென்ட்ல வேல பாக்குற ஒரு அண்ணன நான் ஃபாலோ பண்றேன். அவரு ஒரு போட்டோ போட்டிருந்தாரு. சுவத்துல அம்பலவாணன் சார் படம், சந்தன மாலை, கீழ விளக்கு, நாலு பேர் தலையத் தொங்கப் போட்டு உக்காந்திருக்காங்க. கேப்ஷன் ஒண்ணுமில்ல, கும்புடுற கை மட்டும்.

அந்தப் படம் நான் எடிட் பண்ணது. பின்னாடி இருந்த டியூப்லைட்ட அழிச்சுட்டு நீலக் கலர் வச்சது நான்தான். அவங்க வீட்டுல நல்ல போட்டோ இல்லாம என் பேஜுல இருந்து எடுத்துருக்காங்கன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் மூளை வேல செய்யல. கஸ்டமர் ஆதார் கார்டோட நிக்கிறாரு, நான் கண்ணத் தொடைச்சுக்கிட்டே டைப் பண்றேன். அந்த மாலை போட்டோவையே வச்சு, அவரோட எட்டாவது படத்துல அவரு பேசுன மூணு வரி டயலாக்க எழுதி, கீழ கண்ணீர் அஞ்சலி போட்டு, போஸ்ட்.

அரை மணி நேரத்துல இருநூறு ஷேர். ஒரு பெரிய சினிமா நியூஸ் பேஜ் எடுத்துப் போட்டுச்சு. முந்நூறு கமெண்ட். நான் ஒவ்வொண்ணாப் படிச்சு படிச்சு அழுதேன்.

சாயங்காலம் அம்மா கேட்டுச்சு, என்னன்னு. சொன்னேன். அம்மா அரிசி களையுறத நிறுத்திட்டு, "உங்க அப்பா படத்துக்கு ஒரு மாலை வாங்கிட்டு வாடின்னா மூணு வருஷமா கடை சாத்திருக்குங்குற. யாரோ ஒருத்தருக்கு அரை மணி நேரத்துல போட்டுட்ட"ன்னுச்சு.

அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம். சாப்பிட்டுட்டேன். ரசம்.

ஜூன் 21, வெள்ளி

சார் உயிரோட இருக்காரு.

சீரியல்லதான் செத்திருக்காரு. படத்துக்காக அவரு சீரியல விட்டாருல்ல, அவங்க அந்தக் கேரக்டர கொன்னுட்டாங்க. அந்தப் போட்டோ சீனுக்கு வச்ச போட்டோ. நாலு பேரும் நடிகருங்க. சீரியல் ப்ரோமோ பாத்துத்தான் தெரிஞ்சுது. ஒருத்தர் போனா "இவருக்குப் பதில் இவர்"னு ஒரு கார்டு போட்டு இன்னொருத்தர கொண்டாருவாங்கள்ல, அப்படிப் பண்ணியிருந்தா இந்தப் பிரச்சனையே இல்ல.

போஸ்ட்ட தூக்கிட்டேன். ஆனா ஊரு ஃபுல்லா ஸ்கிரீன்ஷாட் போயிருச்சு.

சார் மெசேஜ்: "தம்பி, நான் நல்லா இருக்கேன். காலையிலேருந்து வீட்டுக்கு ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க. கதவத் தெறக்குறது நானா இருக்கேன், அவங்கதான் பயப்படுறாங்க. உங்க பேஜுல என்ன ஆச்சு?"

"ஹேக் பண்ணிட்டாங்க சார்"னு அனுப்பினேன்.

"சரி தம்பி. பாஸ்வேர்ட மாத்திருங்க"ன்னாரு.

நான் ஒரு பொறுக்கி.

ஜூன் 25, செவ்வாய்

படம் போச்சு.

சார் அனுப்பினத அப்படியே எழுதுறேன். "புரொடியூசர் சென்டிமென்ட் பாக்குறவரு தம்பி. ஜூலை பன்னெண்டு பூஜை. நடிகர் பட்டியல கோயில்ல வச்சு எடுக்கப் போனப்ப யாரோ போன்ல என் போட்டோவுக்கு மாலை போட்டதக் காட்டிட்டாங்க. உயிரோட இருக்கேன்னு டைரக்டர் சொல்லிப் பாத்திருக்காரு. ஆள் இருக்கலாம், சகுனம் சரியில்லன்னுட்டாராம். வேற ஆள் பாக்குறாங்க. நம்ம லைன்ல இது சகஜம், விடுங்க."

சீரியலும் போச்சு, படமும் போச்சு. டெய்லர் தைச்ச சட்டை மட்டும் வீட்டுல இருக்காம்.

ஜூன் 26, புதன்

நாகு அக்காகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். ஹேக் பொய்யையும் சேத்து. அவங்க லேமினேஷன் போட்டுக்கிட்டே கேட்டுட்டு சொன்னாங்க.

"அழுது என்ன பண்ண. சென்டிமென்ட் பாக்குறவனுக்கு நியாயம் சொன்னா ஏறாது. சென்டிமென்ட்டாலதான் சொல்லணும்."

"எப்படிக்கா?"

"நீதான ஏதோ கணக்கு வச்சிருக்கேன்னு பீத்திக்கிட்டு இருப்ப."

ஜூன் 28, வெள்ளி

என் லிஸ்ட்ல புதுசா ஒரு கட்டம் போட்டேன். தலைப்பு: செத்தாரா.

தொண்ணூத்தி நாலு படத்துல சார் பதினோரு படத்துல செத்திருக்காரு. அதுல ஒம்போது படம் நல்லா ஓடியிருக்கு. ரெண்டு ஓடல. அந்த ரெண்டையும் உக்காந்து முழுசாப் பாத்தேன். ஒண்ணுல குண்டடி பட்டு விழுறாரு, ஆனா கடைசியில ஆஸ்பத்திரியில கண்ண முழிக்கிறாரு. அப்ப அது சாவே இல்ல. இன்னொண்ணுல செத்துட்டாருன்னு போன்ல சொல்றாங்க, போட்டோவ மாட்டவே இல்ல.

அப்ப கணக்கு என்ன? அம்பலவாணன் சார் போட்டோவுக்கு மாலை விழுந்த படம் ஒம்போது. ஒம்போதும் ஹிட்.

டீ குடிச்சுட்டு வந்து எழுதுறேன்.

குடிச்சுட்டேன். ஹிட்டுதான்.

ஜூன் 30, ஞாயிறு

ஒம்போது மாலையையும் ஒட்டி ஒரு நிமிஷ வீடியோ பண்ணேன். ஒவ்வொரு மாலை விழுறப்பவும் கீழ எத்தன நாள் ஓடுச்சுன்னு எழுத்து. கடைசியா: "இவர் படத்தில் மாலை விழுந்தால் தியேட்டரில் ஹவுஸ்ஃபுல் விழும்."

அம்மா பின்னாடி நின்னு பாத்துச்சு. "இந்த ஆளு எத்தன தடவடி சாவாரு"ன்னு கேட்டுட்டுப் போச்சு.

ஜூலை 2, செவ்வாய்

நாலு லட்சம் வியூஸ். ஒரு மீம் பேஜ் சாருக்கு "மாலை மன்னன்"னு பேரு வச்சிருச்சு. பஸ்ஸ்டாண்டுல ரெண்டு காலேஜ் பசங்க என் வீடியோவ பாத்து சிரிச்சுக்கிட்டு இருந்தானுங்க. பக்கத்துலயே நின்னேன். நான்தான்னு சொல்லல.

ஜூலை 3, புதன்

சார் போன் பண்ணாரு. மெசேஜ் இல்ல, போன். பேஜுல என் நம்பர் இருக்கு, மறந்தே போயிட்டேன்.

"தம்பி இருக்காராம்மா?"

அந்தக் குரல். இருபத்திநாலு மணி நேரம் கழிச்சுத்தான் எதையும் சொல்ல முடியும்னு சொல்ற அதே குரல்.

"சார், தம்பி நான்தான் சார்."

"அப்ப தங்கச்சி... இல்ல, வயசுக்கு பொண்ணுன்னே சொல்லலாம். பேரு என்னம்மா?"

"சுபிக்ஷா சார். சிவகங்கை."

"சுபிக்ஷா, உன் வீடியோவ புரொடியூசர் பாத்துட்டாரு. நேத்து அவரே கூப்பிட்டாரு. படத்துல நான் கண்டிப்பா இருக்கணுமாம்."

நான் கடைன்னு கூட பாக்காம குதிச்சேன். நாகு அக்கா மொறைச்சாங்க.

"இரும்மா, முழுசாக் கேளு. ரெண்டாவது சீன்லயே நான் செத்துடணும். படம் முடியுற வரைக்கும் சுவத்துல மாலையோட இருக்கணும். எனக்கு மூணு நாள் வேல. என் போட்டோவுக்கு முப்பத்தஞ்சு நாள் வேல."

அவரு சிரிச்சாரு. எனக்கு சிரிப்பு வரல. ரெண்டாவது தடவையும் நானே அவர கொன்னுருக்கேன்.

"சார், பேஜ யாரும் ஹேக் பண்ணல. அந்தப் போஸ்ட்ட போட்டது நான்தான்."

"தெரியும்மா."

"எப்படி சார்?"

"ஹேக் பண்றவன் என் எட்டாவது படத்து டயலாக்க எல்லாமா எழுதுவான்? அது எனக்கே பாதி ஞாபகம் இல்ல."

மன்னிச்சுருங்க சார்னு சொன்னேனா, நெனச்சேனான்னு கூட தெரியல.

"நீ போஸ்ட்ட தூக்குறதுக்கு முன்னாடியே வீட்டம்மா கண்ணாடியப் போட்டுக்கிட்டு அந்தக் கமெண்ட் எல்லாத்தையும் வாசிச்சா. நான் கட்டில்ல படுத்துக்கிட்டு கேட்டேன். ஒரு பொண்ணு எழுதியிருந்துச்சு. அவங்க அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தப்ப நெஜ டாக்டர் வெளிய வந்து என்னை மாதிரியே கண்ணாடியக் கழட்டுனாராம். போச்சுன்னு பயந்துட்டாங்களாம். அந்த டாக்டர் சும்மா கண்ணாடிய தொடைச்சுட்டு, நல்லா இருக்காருன்னாராம். அன்னைக்கு இருந்து என்னை டிவியில பாத்தா சிரிப்பு வருமாம்."

"நானும் படிச்சேன் சார்."

"கூட்டத்துல கடைசி சேர்ல உக்காந்து, என்னப் பத்தி பேசுறத நானே கேட்ட மாதிரி இருந்துச்சும்மா. இன்னும் கொஞ்ச நேரம் செத்தே இருக்கலாம்னு கூட தோணுச்சு."

ஜூலை 5, வெள்ளி

சார் மெசேஜ்: "முடியாதுன்னு சொல்லிட்டேன்மா. முப்பத்தொரு வருஷத்துல அந்த வார்த்தைய நான் சொன்னதே இல்ல. ஒரு நாள் வேலன்னாலும் போயிருவேன். இந்தத் தடவ தோள அளந்துட்டாங்க, அப்புறம் எப்படி மூணு நாளுக்குப் போறது. சொல்லிட்டு ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சேன். வீட்டம்மா அப்பளம் பொரிச்சா."

எனக்குப் பெருமையா இருக்கு. பயமாவும் இருக்கு. வீட்டுல சும்மா உக்காந்திருப்பாரேன்னு.

ஜூலை 8, திங்கள்

டைரக்டரு சாரோட வீட்டுக்கே போயிருக்காரு, சமாதானம் பண்ண. சின்ன வயசுக்காரர், மொத படமாம். பேச்சுவாக்குல சார் அவருகிட்ட அந்தக் கமெண்ட் கதைய சொல்லியிருக்காரு. கட்டில்ல படுத்துக்கிட்டு கேட்டது, கடைசி சேர், எல்லாத்தையும். டைரக்டர் காபியக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாராம். கோவிச்சுக்கிட்டாரோன்னு இவங்க நெனச்சிருக்காங்க.

இன்னைக்கு காலையில டைரக்டர் போன். கதைய மாத்திட்டாராம். அப்பா கோயிலுக்குப் போன எடத்துல பஸ் ஆத்துல விழுந்துருது. உடம்பு கெடைக்கல. வீட்டுல படத்துக்கு மாலை போட்டு பதினாறாம் நாள் காரியம் வைக்கிறாங்க. அன்னைக்கு அவரு நடந்து வர்றாரு. அங்கேருந்துதான் கதை.

புரொடியூசருக்கு மாலை கெடச்சுருச்சு. சாருக்கு முப்பத்தெட்டு நாளும் திரும்பக் கெடச்சுருச்சு.

நாகு அக்காவுக்கு ரோஸ் மில்க் வாங்கிக் குடுத்தேன். "என் ஐடியாவுக்கு ஒரு ரோஸ் மில்க்தானா"ன்னாங்க. மிக்சரும் வாங்கினேன்.

ஜூலை 12, வெள்ளி

பூஜை போட்டோ வந்துருச்சு. தச்ச சட்டை. தோள்ல கரெக்டா உக்காந்திருக்கு.

ஆகஸ்ட் 22, வியாழன்

இன்னைக்கு நெறைய எழுதணும்.

காரைக்குடி பக்கம் கல்லல்ங்கிற ஊர்ல ஷூட்டிங். சார் வரச் சொன்னாரு. அம்மா தனியா அனுப்ப மாட்டேன்னு கூடவே வந்துச்சு. புளியோதரை கட்டிக்கிட்டு. சினிமாக்காரங்க சோறு போட மாட்டாங்கன்னு யாரு சொன்னாங்கன்னு தெரியல.

சார நேர்ல பாத்தேன். டிவியில பாக்குறத விட ஒல்லி. நான் வணக்கம் சொல்றதுக்குள்ள, "தம்பி வந்துட்டாரு"ன்னு சத்தமா சொன்னாரு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அம்மா சேலைய இழுத்து விட்டுக்கிச்சு.

பெரிய பழைய வீடு, முற்றத்துல நாப்பது சேர். சுவத்துல அவரு படம். நீலக் கலர் பின்னாடி. புரொடியூசர் நெத்தி நெறைய திருநீறு, கையில மூணு கயிறு, அவரே ஸ்டூல்ல ஏறி மாலையப் போட்டாரு. யாரையும் தொட விடல.

சீன் என்னன்னா, மொதல்ல எழுதுனபடி அப்பா வாசல்ல வந்து நிப்பாரு, எல்லாரும் அலறுவாங்க. சார் டைரக்டர்கிட்ட மெதுவா ஏதோ சொன்னாரு. டைரக்டர் தலைய ஆட்டுனாரு. மாத்திட்டாங்க. அப்பா உள்ள வர்றாரு, யாரும் கவனிக்கல, கடைசி வரிசையில ஒரு சேர் காலியா இருக்கு, போயி உக்காந்துக்கிறாரு. அவரப் பத்தி பேசுறதக் கேக்குறாரு.

கூட்டத்துக்கு ஆள் பத்தல. ஊருப் பொம்பளைங்கள உக்கார வச்சாங்க. அம்மாவையும். கடைசிக்கு முந்துன வரிசை. டைரக்டர் சொன்னாரு, "டயலாக்கெல்லாம் கெடையாதும்மா. உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு மனுஷன நெனச்சுக்கிட்டு பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட பேசுங்க, போதும்."

நான் மானிட்டர் பக்கத்துல நின்னேன்.

சார் வந்தாரு. நெஜமாவே யாரும் கவனிக்கல. மொத்த கூட்டத்துல ஒருத்தர் வந்து உக்கார்ற மாதிரி அவ்வளவு சாதாரணமா உக்காந்தாரு. அது வேற யாருக்கும் வராது. முப்பத்தொரு வருஷம் பின்னாடியே நின்னவருக்குத்தான் வரும்.

முன்னாடி அம்மா பக்கத்து பொம்பளைகிட்ட பேச ஆரம்பிச்சுருச்சு.

"பஸ்ஸு வந்தா மொதல்ல ஏற மாட்டாரு. வயசானவங்க, புள்ளத்தாச்சி எல்லாரையும் ஏத்தி விட்டுட்டு, இவரு ஏறுறதுக்குள்ள பஸ்ஸு கெளம்பிரும். வீட்டுக்கு வந்து என்கிட்ட திட்டு வாங்குவாரு. பொண்ணு ஸ்கூல் விட்டு வர்றப்ப கடை வாசல்லயே நிப்பாரு, வேலையப் போட்டுட்டு..."

நிறுத்திருச்சு.

பின்னாடி இருந்து சார் லேசா குனிஞ்சு, "அப்புறம்?"னு கேட்டாரு.

அது எந்தப் பேப்பர்லயும் இல்ல.

அம்மா திரும்பல. முன்னாடியே பாத்துக்கிட்டு, "அப்புறம் என்ன. அவ்வளவு வேகமா நடந்து வருவா, அவரப் பாத்ததும் மெதுவாயிருவா. பைய அவரு வாங்கிக்கணும்ல"ன்னுச்சு. அப்புறம்தான் யாரு கேட்டதுன்னு திரும்பிச்சு. சார் மூஞ்சி. அதுக்கப்புறம் சுவத்துல இருக்கிற படம். மறுபடி சார். அம்மாவுக்கு நடிக்கத் தெரியாது. வாயில சேலைத் தலைப்ப வச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னுருச்சு. ஒவ்வொருத்தரா திரும்புனாங்க.

டைரக்டர் ரொம்ப நேரம் கட் சொல்லல.

மானிட்டர் பக்கத்துல ஒரே தூசி. கண்ணத் தொடைச்சுக்கிட்டே இருந்தேன்.

கட் சொன்னதும் புரொடியூசர் ஓடி வந்தாரு. மாலை போட்ட சீன் எடுத்தா, அந்த ஆளு கேமராவப் பாத்து ஒரு தடவ சிரிக்கணும், பூசணிக்கா ஒடைக்கணும். எங்கயும் இதான் வழக்கமாம். சார படத்துக்குக் கீழ நிக்க வச்சாங்க. சார் உடனே சிரிக்கல. அம்மாவக் கூப்பிட்டாரு. "வாங்கம்மா, என்னைக் கண்டுபிடிச்சது நீங்கதான"ன்னாரு. ரெண்டு பேரும் நின்னாங்க. அம்மா கண்ணு செவந்து போயி, புளியோதரைத் தூக்க கையில வச்சுக்கிட்டு சிரிச்சுச்சு. பூசணிக்கா ஒடைஞ்சுது.

நான் போன்ல எடுத்தேன். சார் வந்து எட்டிப் பாத்தாரு.

"பேஜுல போடப் போறியா?"

"போடலாமா சார்?"

"போடு. எழுதறது மட்டும் நான் சொல்றேன். நீ எழுதுனா என்ன ஆகும்னு ஊருக்கே தெரியும்."

அவரு சொல்லச் சொல்ல டைப் பண்ணேன்.

"நாலாவது நாள். இன்னும் முப்பத்தி நாலு நாள் இருக்கு."